நாலு விரல் இடம்

சனிக்கிழமைகளில் றஜீவன் பீப்பாய் நிரப்பப் போவான்.

கிழக்கு லண்டனில், வீடு இருக்கிற பார்க்கிங்கில் ஓவர்கிரவுண்ட் ஏறினால் வால்தம்ஸ்டோ குவீன்ஸ் ரோட் வரைக்கும் ஒரே ரயில். இறங்கி எட்டு நிமிட நடை. ரயில் பாலத்துக்குக் கீழே வரிசையாக வளைவறைகள். ஒன்றில் கார் திருத்துவார்கள், ஒன்றில் பாண் சுடுவார்கள், அடுத்ததில் வைன் செய்வார்கள். கெண்ட் தோட்டங்களில் பிடுங்கிய திராட்சை ஐப்பசியில் வான் வண்டியில் வந்து இறங்கும். மிச்ச மாதங்களில் அது சாறாகி, வைனாகி, மரப் பீப்பாய்களுக்குள் சும்மா கிடக்கும்.

சும்மா கிடந்தாலும் குறையும். மரம் கொஞ்சம் குடிக்கும், காற்றுக் கொஞ்சம் குடிக்கும். குறைந்த இடத்தில் காற்று நின்றால் வைன் புளித்து வினாகிரி ஆகிவிடும். ஆகவே கிழமைக்கு ஒருமுறை மூடியைத் திறந்து வாய் மட்டத்துக்கு நிரப்ப வேண்டும். அதற்கென்றே ஒரு உருக்குக் கானில் வைன் தனியாக இருக்கும். டோர்ச் அடித்து அளவு பார்ப்பது, கானைச் சரிப்பது, வழியப்போகிற நேரத்தில் நிறுத்துவது, ரப்பர் மூடியைக் கையால் குத்தி இறுக்குவது, துடைப்பது. யோசிக்க ஒன்றும் இல்லாத வேலை. அவனுக்கு அது பிடித்திருந்தது என்று சொல்ல முடியாது. பிடிக்கிறது, பிடிக்கவில்லை என்பதெல்லாம் பதினாலு மாதங்களாக அவனிடம் இல்லை. கை பழகியிருந்தது, அவ்வளவுதான்.

முன்பு அது தக்ஷிகாவின் வேலை. அவன் மனைவி. போன வருஷம் தை மாதம் ஒரு வியாழக்கிழமை, சமையலறையில் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு நின்றவள், தலையைப் பிடித்துக்கொண்டு கதிரையில் இருந்தாள். மூளையில் ஒரு நரம்பு வெடித்தது. முப்பத்திரண்டு வயது. கேட்டவர்களுக்கெல்லாம் அவன் சொன்னது அவ்வளவுதான்.

பீப்பாய்கள் மொத்தம் ஏழு. ஆறை நிரப்புவான். ஏழாவதைத் தொடமாட்டான். அதன் முகப்பில் சுண்ணக்கட்டியால் எழுதிய ஒரு குறி இருந்தது. இரட்டைக் கதவு மாதிரி ஒரு சட்டம், நடுவில் சின்னதாய் ஒரு பெட்டி. தக்ஷிகா எழுதிய ஜப்பான் எழுத்து.

ஆறும் முடிய பத்தரை ஆகும். பிறகு தரையைக் கழுவுவான். போத்தல் பெட்டிகளை அடுக்குவான். அடுக்கியது கோணலாய்த் தெரிந்தால் பிரித்து அடுக்குவான். தரையைத் திரும்பவும் கழுவுவான். அந்த அறையில் அவன் கால் ஆறக் கதிரையில் இருந்ததை ஒருவரும் கண்டதில்லை.

"தம்பி, உந்தத் தரைக்கு வாய் இருந்தா அழும்," என்றாள் மெற்றில்டா.

வளைவறை அவளுடையது. ஐம்பது வயது, யாழ்ப்பாணத்துக் குருநகர்க்காரி. இருபது வருஷம் ஆஸ்பத்திரியில் மருந்தாளராக இருந்துவிட்டு, ஒருநாள் வெள்ளை மேலங்கியைக் கழற்றி வைத்துவிட்டு வைன் செய்யக் கிளம்பியவள். மருந்தோ வைனோ அளவு தப்பினால் ஆளுக்குத்தான் ஆபத்து என்பாள்.

"வாற சனி கனாயே வாறா. ஏழாவதைத் திறக்கிறம். ஞாபகம் இருக்கே?"

"ஓம் அக்கா."

"உன்ர மாமியும் வாறாவாம். கனாயேதான் போன் அடிச்சுக் கூப்பிட்டிருக்கிறா. மனுசி உடன ஓமெண்டிட்டாவாம். என்னால நம்பேலாமல் கிடக்கு. உன்ர மாமி, வைன் செய்யிற இடத்துக்கு!"

அவன் துடைப்பத்தை நிறுத்தினான். "மாமி வாறாவோ?"

"ஏன், உனக்கென்ன?"

"ஒண்டுமில்லை."

ஒன்றுமில்லாமல் இல்லை. ஏழாவது பீப்பாயைப் பற்றி அவனுக்கு மட்டும் தெரிந்த ஒரு விஷயம் இருந்தது.

*

கலியாணத்துக்கு முந்தி தக்ஷிகா ஒரு இலையுதிர்காலம் முழுக்க ஜப்பானில், யமனாஷியில் இருந்தாள். இரசாயனம் படித்தவள், திராட்சை அறுவடைக்கென்று போனாள். அங்கே ஒவ்வொரு குலைக்கும் மழை படாமல் மெழுகுத்தாளில் ஒரு தொப்பி போடுவார்களாம். ஆயிரக்கணக்கான குலைகளுக்குத் தொப்பி போட்ட கதையைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். கனாயே அங்கே பழக்கமான தோழி. பிறகு லண்டனில் கலியாணம் முடித்து வந்து, தன் வீட்டு மேல்மாடியில் ஜப்பானியத் தேநீர் முறை சொல்லிக்கொடுக்கிறாள். அவளிடம் போய்த் தேநீர் குடித்துவிட்டு வருகிற நாட்களில் தக்ஷிகா வீட்டில் சாமான் குறைப்பாள். சுவரில் ஒரு படம் காணாமற்போகும். அலுமாரித் தட்டு ஒன்று வெறுமையாகும். றஜீவன் இரண்டு நாளில் அந்தத் தட்டில் எதையாவது வைத்துவிடுவான். வேண்டுமென்று இல்லை. தட்டு என்றால் வைக்கத்தானே.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் மடிக்கணினியோடு இருந்தான். அவனுக்கு கவுன்சிலில் வேலை. சந்திகளில் சிக்னல் விளக்கு எத்தனை செக்கன் எரிய வேண்டும் என்று கணிக்கும் எஞ்சினியர்.

"றஜீ, இந்த முறை ஒரு பீப்பாயை நிரப்பாம விடப்போறன்."

"பழுதாகாதே?"

"ஆகலாம். ஆகாட்டி மேல ஒரு ஆடை படியும். பாலாடை மாதிரி. ஈஸ்ட். அது படிஞ்சிட்டா வைனை அதுவே காப்பாத்தும். மணமும் வேறயாகும். ஸ்பெயினில காலங்காலமாச் செய்யினம். ஆனா நான் மணத்துக்காகச் செய்யேல்லை."

"பின்ன?"

"அந்த இடத்துக்காக. நாலு விரல் இடம். கனாயே தேத்தண்ணி தரேக்க கிண்ணத்தின்ர அடியில கொஞ்சம்தான் இருக்கும். மிச்சம் முழுக்க வெறுமை. அதுக்கு ஒரே எழுத்தில 'மா' எண்டு ஒரு சொல் வைச்சிருக்கினம். பாட்டில விடுற இடம், கதைக்கேக்க விடுற இடம், வீட்டில ஒண்டும் வைக்காத மூலை, எல்லாம் அதுதான். வைக்க மறந்த இடமில்லை றஜீ. வேணுமெண்டு விட்ட இடம்."

"ம்."

"நீர் கேக்கேல்லை."

"கேட்டுக்கொண்டுதான் இருக்கிறன்."

"எங்கட சனத்துக்கு உது ஏறாது. வாசலில நிறைகுடம். கோப்பையில சோறு மலைமாதிரி. அம்மாட்டைச் சொன்னா, 'ஏன் பிள்ளை, ஊத்தக் காணாமப் போச்சோ?' எண்டு கேப்பா." அவள் சிரித்தாள். பிறகு அவன் திரையை எட்டிப் பார்த்தாள். "உங்கட சிக்னலை எடும். நாலு பக்கமும் சிவப்பா ரெண்டு செக்கன் விடுவியள் எல்லே? ஒருத்தரும் போகாத ரெண்டு செக்கன். அதுதான் இது."

"அது ஆக்சிடென்ட் வராம இருக்க."

"இதுவும் அப்பிடித்தான்," என்றாள்.

அவன் கணக்கைத் தொடர்ந்தான்.

*

தகனம் முடிந்த மறுநாள் பார்க்கிங் வீடு நிறையச் சனம். டூட்டிங்கிலிருந்து வந்தவர்கள், கனடாவிலிருந்து வந்தவர்கள். யாரோ ஒரு பெரியம்மா ஓயாமல் பிளாஸ்குகளில் தேத்தண்ணி நிரப்பிக்கொண்டே இருந்தாள். மெற்றில்டாவும் அங்கேதான், மாமியின் கையைப் பிடித்துக்கொண்டு. றஜீவன் கோட் எடுக்கப் போனான். கொழுவியில் தக்ஷிகாவின் கோட்டும் தொங்கியது. அதன் பைக்குள் வளைவறைப் பூட்டின் திறப்பு. எடுத்துக்கொண்டு வெளியே வந்தான். ஒருவரும் எங்கே என்று கேட்கவில்லை.

பீப்பாய்களை இரண்டு கிழமையாக ஒருவரும் பார்க்கவில்லை. தக்ஷிகா செய்வதை அவன் பல தடவை கண்டிருந்தான். ஒன்றிலிருந்து ஆறு வரைக்கும் நிரப்பினான். ஒவ்வொன்றும் ஒரு போத்தல் அளவு குடித்தது. ஏழாவதைத் திறந்தபோது நாலு விரலுக்கு மேல் இறங்கியிருந்தது. மார்கழியில் அவள் தலையிடி, தலையிடி என்று சொல்லிக்கொண்டிருந்தாள். முடியாமல் விட்டிருக்கிறாள் என்று நினைத்தான். முகப்பில் இருந்த குறியை ஏதோ அடையாள இலக்கம் என்று நினைத்தான். கானைச் சரித்தான். பதினைந்து லீற்றர் போனது. வாய் மட்டத்துக்கு வந்தபோது வெள்ளையாய், சுருங்கின தோல் மாதிரி ஒன்று மிதந்து வந்து வெளியே வழிந்தது. பூஞ்சணம் என்று நினைத்துத் துணியால் வழித்துத் துடைத்தான். மூடியை இறுக்கினான்.

அந்த நாட்களில் அவன் தொடங்கி ஒழுங்காக முடித்த ஒரே காரியம் அதுதான். வீட்டுக்குப் போய் ஆறு மணித்தியாலம் நித்திரை கொண்டான்.

மூன்று கிழமை கழித்து வேலைக்குத் திரும்பினான். முதல் நாளே ஒரு சந்தியின் நேர அட்டவணை மேசைக்கு வந்தது. பச்சை முப்பத்திரண்டு, மஞ்சள் மூன்று, எல்லாப் பக்கமும் சிவப்பு இரண்டு. அந்த இரண்டில் அவன் கண் நின்றது. ஞாயிற்றுக்கிழமை, மடிக்கணினி, தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்த முகம். அவள் சொன்னது முழுக்க, ஒரு சொல் விடாமல், அப்போதுதான் காதில் விழுந்தது.

அதற்குப் பிறகு அவன் சனிக்கிழமைகளில் போகத் தொடங்கினான். மெற்றில்டாவிடம் உதவிக்கு வருகிறேன் என்றான். ஏழாவதைத் தொடவில்லை. ஒருவரிடமும் சொல்லவில்லை. சொல்ல ஒரு நாள் இருக்கும் என்று நினைத்தான். ஒரு சனி போய் அடுத்த சனி வந்தது. பெண்சாதியின் கடைசிப் பீப்பாயைப் பொத்திப் பாதுகாக்கிறான் என்று மெற்றில்டா பாண் சுடுகிறவர்களிடம் சொன்னாள்.

இப்போது லேபல் அச்சாகி வந்திருந்தது. அந்த எழுத்து, அதற்குக் கீழே தக்ஷிகாவின் பெயர், வேறொன்றும் இல்லை. கனாயே நாள் குறித்துவிட்டாள். திறந்து பார்க்கிறபோது அது சரியில்லை என்றால், சரியில்லாமற்போனது தக்ஷிகா என்றுதான் எல்லாரும் எடுப்பார்கள். அவள் தாய்க்கு முன்னால்.

*

சனிக்கிழமை தக்ஷிகாவின் தாய் சிவகௌரி டூட்டிங்கிலிருந்து ரயில் மாறி மாறி வந்து சேர்ந்தாள். கையில் ஐஸ்கிறீம் டப்பாவில் வடை. மகள் என்ன வேலை என்று கேட்கிறவர்களுக்கு எட்டு வருஷமாக அவள் சொன்ன பதில், சாப்பாட்டு லாபில் வேலை. வாசலிலேயே நின்று மேலே வளைந்து போகிற செங்கல் கூரையைப் பார்த்தாள். பீப்பாய்களைப் பார்த்தாள்.

"இதுக்குள்ளயோ நிண்டவள்? குளிருதே."

"குளிர்தான் நல்லது மாமி. வைனுக்கு."

"பிள்ளைக்கு?" என்றாள் சிவகௌரி.

கனாயே முன்னமே வந்து ஒரு மூலையை ஒதுக்கியிருந்தாள். றஜீவன் அடுக்கின பெட்டிகளை வெளியே எடுத்துவிட்டு, வெறும் தரையில் சாம்பல் நிறத் துணி ஒன்றை விரித்திருந்தாள். தக்ஷிகாவின் ஆய்வுக் குடுவை ஒன்றில் ஒரு கமெலியா மொட்டு. ஒரு கிண்ணம். ஒரு வெள்ளைத் துணி. வேறு எதுவும் இல்லை. அந்த மூலையைப் பார்க்க றஜீவனின் கை சும்மா இருக்க மறுத்தது. பக்கத்தில் கிடந்த கதிரையை எடுத்து உள்ளே வைக்கப் போனான். கனாயே தலையை மெல்ல ஆட்டினாள். திரும்பவும் எடுத்துக்கொண்டு போனான்.

"ஒரு பூவோ?" மாமி அவன் காதுக்குள் சொன்னாள். "அதுவும் விரியேல்லை. ஒரு சொல்லுச் சொல்லியிருந்தா நான் மாலை கட்டிக்கொண்டு வந்திருப்பனே."

"அவையின்ர முறை அப்பிடி மாமி."

"ஒரே கிண்ணம் அக்கா," என்றாள் மெற்றில்டா. "எல்லாருக்கும் அதுதான். குடிச்சிட்டு விளிம்பைத் துடைச்சு அடுத்த ஆளிட்டக் குடுக்க வேணும். எங்கட சேர்ச் பூசை மாதிரி. நீங்கள் எச்சில் பாக்கிறனீங்களோ?"

"நான் குடிக்கமாட்டன் பிள்ளை. மணந்து பாக்கிறன். என்ர பிள்ளை செய்தது. மணக்கலாம்தானே?"

"தாராளமா மணவுங்கோ. மணத்துக்கு விரதம் முறியாது."

மெற்றில்டா ஏழாவதின் மூடியைத் திருகி எடுத்தாள். டோர்ச் அடித்துக் குனிந்தாள். கனாயே சுத்தமான மரக்குச்சி ஒன்றை உள்ளே விட்டு எடுத்து விரலால் அளந்தாள்.

"மூன்று," என்றாள். அவர்கள் இரண்டு பேரும் ஆங்கிலத்தில்தான் பேசிக்கொண்டார்கள்.

"மூன்றா? நாலு விட்டுத்தானே தொடங்கினோம். பதினாலு மாதம். ஆறு ஏழு விரலுக்கு இறங்கியிருக்க வேண்டுமே." மெற்றில்டா பீப்பாயைச் சுற்றி வந்தாள், ஒழுகல் தேடுகிறவள் மாதிரி. "நல்ல மரம் போல," என்று தமிழில் தனக்கே சொன்னாள். திரும்ப டோர்ச் அடித்தாள். "ஆடை இருக்குது. ஆனா மெல்லிசு. அங்கயிங்க கிழிஞ்சு கிடக்கு."

றஜீவன் சுவரோடு நின்றான்.

கண்ணாடிக் குழாயை ஆடைக்குக் கீழே இறக்கி கனாயே வைனை எடுத்தாள். கிண்ணத்தில் விட்டாள். அடியில் கொஞ்சம். முழங்காலில் இருந்து இரண்டு கையாலும் ஏந்தி மெற்றில்டாவிடம் நீட்டினாள். மெற்றில்டா குடித்தாள். வாய்க்குள் வைத்துச் சுழற்றினாள். விழுங்கினாள். விளிம்பைத் துடைத்துக் கொடுத்தாள். மெற்றில்டா பேசாமல் இருப்பதை றஜீவன் அன்றைக்குத்தான் கண்டான்.

கனாயே குடித்தாள். விளிம்பைத் துடைத்தாள்.

சிவகௌரி கிண்ணத்தை மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனாள். கண்ணை மூடினாள். "அப்பத்துக்குக் கரைச்சு வைச்ச மாதிரி," என்றாள். "சாடையா. அடியில எங்கயோ." கிண்ணத்தை றஜீவனிடம் கொடுத்துவிட்டு மற்ற இருவரையும் பார்த்தாள். "சரியா வந்திருக்கோ?"

மேலே ரயில் போனது. செங்கல் அதிர்ந்தது. அது போய் முடியும் வரைக்கும் எல்லாரும் காத்திருந்தார்கள். போய் முடிந்ததும் மெற்றில்டா பீப்பாய் மூடியைத் துடைக்கத் தொடங்கினாள்.

"சொல்லுங்கோவன். நான் அழமாட்டன்."

"அக்கா," என்று மெற்றில்டா தொடங்கினாள். "இது முதல் தரம். இந்த நாட்டுத் திராட்சையில இப்பிடிச் செய்து பாத்த ஆக்களை எனக்குத் தெரியாது. பிள்ளை கெட்டிக்காரி, அதில மறுபேச்சில்லை. ஆனா இது பாதி வழியில நிக்குது. அதுவுமில்லை, இதுவுமில்லை."

"பிழைச்சுப்போச்சோ?"

"பிழை எண்டில்லை. பிள்ளையின்ர கணிப்புக் கொஞ்சம்..."

"நான்தான் நிரப்பினனான்," என்றான் றஜீவன்.

சொல்ல வேண்டும் என்று அவன் அந்த நேரம் முடிவெடுக்கவில்லை. கிண்ணம் கையில் இருந்தது. வாய் சொல்லிவிட்டது.

"என்ன?"

"போன வருஷம். தகனத்துக்கு அடுத்த நாள். திறந்து பாத்தன், குறைஞ்சு கிடந்தது. அவளுக்கு ஏலாமல் விட்டிட்டாள் எண்டு நினைச்சன். கானில இருந்ததை ஊத்தினன். வாய் மட்டத்துக்கு."

மெற்றில்டா அவனைப் பார்த்தாள். பீப்பாயைப் பார்த்தாள். "எட பாவி," என்றாள். "அதுதான் மூண்டு விரல்." பிறகு, "பதினாலு மாதம்! ஒவ்வொரு சனியும் எனக்கு முன்னால நிண்டு தரை கழுவினியேடா."

"ஓம்."

"அதுதான் உந்தத் தரை."

"ஓம் அக்கா."

கனாயேக்கு அவன் ஆங்கிலத்தில் திரும்பச் சொன்னான். தமிழில் சொன்னதைவிட அது சுருக்கமாக வந்தது. அவள் கைகளை மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள்.

"எத்தனை லீற்றர்?"

"பதினைந்து."

"வெள்ளையாக ஏதாவது வெளியே வந்ததா?"

"வந்தது. துடைத்துவிட்டேன்."

கனாயே கண்ணை மூடித் திறந்தாள். கோபமா என்று அவனுக்குத் தெரியவில்லை. அவள் முகத்தை அவனிடமிருந்து திருப்பி, சிவகௌரியைப் பார்த்து, அவளுக்கு விளங்கட்டும் என்று ஆங்கிலத்தை மெதுவாக, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள். "மார்கழியில் நானும் தக்ஷிகாவும் இதைக் குடித்தோம். இந்த இடத்தில் நின்று. மிக நன்றாக இருந்தது. அவள் செய்தது சரி."

சிவகௌரிக்கு விளங்கியிருக்கும். முப்பது வருஷம் லண்டனில் இருந்தவள். ஆனாலும் மருமகனிடம் திரும்பினாள். "என்னவாம்?"

"தக்ஷி செய்தது சரியாம் மாமி. நல்லா வந்ததாம். பிழை என்ர."

அவள் அவனை வெகுநேரம் பார்த்தாள். திட்டினால் நல்லது என்று அவனுக்குப் பட்டது. திட்டினால் கேட்டுக்கொண்டு நிற்கலாம்.

"குறைஞ்சு கிடந்தா நிரப்பத்தானே செய்வினம்," என்றாள் சிவகௌரி. "நான் எண்டாலும் உதைத்தான் செய்திருப்பன். எங்கட ஆக்கள் ஆர் வந்திருந்தாலும் உதைத்தான் செய்திருப்பினம்." டப்பாவின் மூடியைத் திறந்தாள். மூடினாள். "ஆனா எனக்குச் சொல்லியிருக்கலாம் தம்பி. பதினாலு மாதம் ஒருதரும் என்னோட அவளைப் பற்றிக் கதைக்கேல்லை. நீங்கள் வந்து, 'மாமி, நான் இப்பிடி ஒரு பிழை விட்டிட்டன்' எண்டு அழுதிருந்தாலும், அது அவளைப் பற்றின கதைதானே."

"எனக்கு அழுகை வரேல்லை மாமி."

"எனக்குத் தெரியும்," என்றாள். வடை ஒன்றை எடுத்து மெற்றில்டாவிடம் நீட்டினாள். மெற்றில்டா வாங்கிக் கடித்தாள்.

கடித்துக்கொண்டே சொன்னாள்: "சரி. நடந்தது நடந்து போச்சு. இப்ப இதை என்ன செய்யிறது? இந்தக் கோலத்தில பிள்ளையின்ர பேர் ஒட்டி விடேலாது. மூண்டாவதோட கலந்திட்டா ஆருக்கும் தெரியாது, பீப்பாயும் எனக்கு..."

"கலக்காதேங்கோ."

சத்தம் அவன் நினைத்ததைவிடப் பெரிதாக வந்தது. வளைவறை அதைத் திருப்பிச் சொன்னது.

"மூடி வையுங்கோ," என்றான், சாதாரணக் குரலில். "நான் விளிம்பு மட்டத்துக்கு நிரப்பினனான். ஆனா இப்ப மூண்டு விரல் இருக்கு. தானா வந்தது. ஆடையும் வந்திருக்கு. விட்டா இன்னும் இறங்கும்."

மெற்றில்டா கனாயேயைப் பார்த்தாள். கனாயே குனிந்து பீப்பாயின் வாயை மோந்தாள். "அது இன்னும் முடியவில்லை," என்றாள்.

"ஐப்பசி மட்டும்," என்றாள் மெற்றில்டா. "புதுத் திராட்சை வந்தா எனக்குப் பீப்பாய் வேணும். அதுக்குள்ள சரி வந்தா லேபல் ஒட்டுவம். வராட்டி கலப்பன், நீ பிறகு ஒரு கதையும் கதைக்கக்கூடாது."

"ஓம்."

"கான் திறப்பை இனி நான் வைச்சிருக்கப் போறன்."

"கானுக்குத் திறப்பு இல்லையே அக்கா."

"ஒண்டு செய்விக்கிறன்."

கனாயே அவன் கையைக் காட்டினாள். கிண்ணம் இன்னும் அவனிடம்தான் இருந்தது. கடைசி ஆள் மிச்சம் வைக்காமல் குடித்து முடிக்க வேண்டும் என்றாள், அதுதான் முறை. இரண்டு மிடறு இருந்தது. குடித்தான். குளிர்ந்திருந்தது. அதற்கு மேல் ஒன்றும் தெரியவில்லை. எல்லாச் சாப்பாடும் அவனுக்கு இப்போது அப்படித்தான். விழுங்கிக் கொஞ்ச நேரம் கழித்து நாக்கின் ஓரத்தில் உப்பு மாதிரி ஏதோ ஒன்று. இருந்ததா என்று பார்க்க முன்னம் போய்விட்டது.

*

அடுத்த சனி மெற்றில்டா கெண்டுக்குப் போயிருந்தாள். றஜீவன் தனியாகத் திறந்தான். கானுக்குப் பூட்டு இல்லை. ஒரு கடதாசி ஒட்டியிருந்தது: "ஏழுக்குக் கிட்டப் போனால் கை முறியும்."

ஒன்றிலிருந்து ஆறு வரைக்கும் நிரப்பினான். துடைத்தான். பத்தரை ஆனது. போன் அடித்தது.

"நிரப்பியாச்சே?" சிவகௌரி.

"ஆறும் ஆச்சு மாமி."

"ஏழு எப்பிடி? எத்தனை விரல்?"

"திறக்கக்கூடாது மாமி. திறந்தா ஆடை குழம்பும்."

"அப்ப எப்பிடித் தெரியும்?"

"தெரியாது."

டூட்டிங்கில் பஸ் ஒன்று நின்று கிளம்புகிற சத்தம் கேட்டது. "குலைக்குத் தொப்பி போட்ட கதை எனக்கும் சொன்னவள்," என்றாள். "எத்தனை ஆயிரம் எண்டு சொன்னவள், உங்களுக்கு ஞாபகம் இருக்கோ?"

"இல்லை மாமி. யோசிச்சுப் பாக்கிறன்."

"யோசிச்சுச் சொல்லுங்கோ. நான் வாற சனி எடுக்கிறன்."

போனை வைத்தான். கனாயே ஒதுக்கின மூலை அப்படியே இருந்தது. மெற்றில்டா பெட்டிகளைத் திரும்ப உள்ளே கொண்டுவரவில்லை. அவன் அதற்குள் ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய், நின்று, திரும்பக் கொண்டுவந்து வெளியே வைத்தான். வாளியில் தண்ணீர் பிடித்தான். தரையைப் பார்த்தான். தரை சுத்தமாகத்தான் இருந்தது.

பதினொன்று இருபது ரயிலுக்கு இன்னும் நேரம் இருந்தது. கதிரை ஒன்றை இழுத்து ஏழாவதுக்கு முன்னால் போட்டான். இருந்தான்.